"எழுதினேன், ஆனா நம்பலை மிஸ்": இதுக்கு எத்தனை மார்க்?

கோத்தகிரி மிஸ்:
பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தாள் திருத்திட்டு இருக்கேன். 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' பாடம், இயற்கைத் தேர்வு பத்தின கேள்வி, 7 மார்க். ஒரு பொண்ணு பிரமாதமா எழுதியிருக்கா. அடியில் பென்சிலில் பொடியா: "ஆனா நான் இதை நம்பலை மிஸ்." முழு மார்க் போட்டுட்டேன், மனசுதான் கேட்கலை. புரிஞ்சுதான்னு அளக்கிறோம். ஏத்துக்கிட்டாங்களான்னும் அளக்கணும் இல்லையா?

கொடைக்கானல் பெரிசு (ஓய்வு):
கூடாது டீச்சரம்மா. பிள்ளை வீட்டில் எந்தச் சாமி கும்பிடுகிறது என்று கேட்பதற்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை. மார்க் போடுகிற கை கேட்டால் யார் 'இல்லை' என்று டிக் அடிப்பார்கள்?

கோத்தகிரி மிஸ்:
பேர் எழுதாத சீட்டில் கேட்கலாமே சார். 1999-ல ரட்லெட்ஜ், வார்டன்னு ரெண்டு பேர் பரிணாமத்தை எவ்வளவு ஏத்துக்கிறாங்கன்னு அளக்க 'மேட்'னு ஒரு அளவுகோலே செஞ்சாங்க. 20 வாக்கியம், ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 5 வரை.

கொடைக்கானல் பெரிசு (ஓய்வு):
தெரியும். அதில் ஒரு வாக்கியம் பைபிளின் படைப்புக் கதையோடு பரிணாமம் முரண்படுவதைப் பற்றியது. அமெரிக்க ஆசிரியர்களுக்காகச் செய்தது. படுகர் வீட்டுப் பையன் அதில் எதை டிக் அடிப்பான்?

குன்னூர் பஜ்ஜி:
குரங்குல இருந்து மனுஷன் வந்தான்னா குரங்கு ஏன் இன்னும் நம்ம டிபன் பாக்ஸைப் புடுங்குது?

கோத்தகிரி மிஸ்:
தம்பி, நீயும் உன் பெரியப்பா பையனும் ஒரே தாத்தாவோட பேரன்க. நீ பொறந்ததால அவன் காணாமப் போயிட்டானா?

கொடைக்கானல் பெரிசு (ஓய்வு):
எனக்குப் பயம் நம்பாத பிள்ளையைப் பற்றி இல்லை. "நம்புகிறேன் சார்" என்று சொல்லிவிட்டு, "உயரத்தில் இலை தேவைப்பட்டதால் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது" என்று எழுதுவானே, அவனைப் பற்றித்தான். தேவை எதையும் மாற்றாது; பிறவியிலேயே உள்ள வேறுபாடுகளில் பிழைக்க உதவுகிறவை பெருகும், அதுதானே இயற்கைத் தேர்வு. முப்பது வருஷம் அந்தக் கழுத்தைத் திருத்தியே என் சிவப்பு மை தீர்ந்தது. உங்கள் சீட்டில் அவனுக்குத்தான் 100.

கோத்தகிரி மிஸ்:
அது சரிதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் பொண்ணு புரிஞ்சும் நம்பலையே! எங்கே இடிக்குதுன்னு கேட்காமலே விட்டுடறதா? 2023-ல மத்திய அரசோட என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமத்தை எடுத்ததுக்கு 1,800-க்கும் மேல விஞ்ஞானிகள், ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தாங்க. நம்ம தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பாடம் இருக்கு, ஆனா பிள்ளைங்க மனசுல இருக்கான்னு பார்க்க வேண்டாமா?

கொடைக்கானல் பெரிசு (ஓய்வு):
பேசுங்கள். அளக்காதீர்கள். அளந்தே ஆகவேண்டும் என்றால் புத்தகத்தில் இல்லாத கேள்வி ஒன்று தருகிறேன். உங்கள் சோலையில் நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை, நெஞ்சு செம்பழுப்பு. எங்கள் சோலையில் பழனிச் சிரிப்பான், நெஞ்சு சாம்பல். நடுவே பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் வெக்கை. குளிர்ச்சோலைப் பறவை அதைத் தாண்டாது. இரண்டும் ஏன் வேறு வேறு இனம்? 'தேவைப்பட்டதால்' என்று தொடங்கினால் பூஜ்யம். பிரிந்தது, தனித்தனியே வேறுபாடுகள் சேர்ந்தது என்று வந்தால் முழு மார்க்.

குன்னூர் பஜ்ஜி:
சார், நான் 'தேவைப்பட்டதால்'னுதான் எழுதியிருப்பேன் 😐

கோத்தகிரி மிஸ்:
கேள்வியை எடுத்துக்கிறேன் சார். கீழே ரெண்டு வரி காலியா விடுவேன், மார்க் கிடையாது: "உனக்கு என்ன தோணுது?"

கொடைக்கானல் பெரிசு (ஓய்வு):
பென்சிலில் எழுதச் சொல்லுங்கள்.