ஜீனை நீக்கியும் ஈஸ்ட் அப்படியே வளருதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

நானே தொடங்குகிறேன். ஆராய்ச்சியில் சேர்ந்த புதிதில், ஒரு ஜீன் நீக்கிய ஈஸ்டைக் கொடுத்து "இந்த ஜீனுக்கு என்ன வேலைன்னு பாரு" என்றார் என் கைடு. மூன்று வாரம் வளர்ச்சி வேகத்தை அளந்தேன். சாதாரண ஈஸ்டுக்கும் இதற்கும் துளி வித்தியாசம் இல்லை. அழுகையே வந்துவிட்டது.

அப்புறம்தான் 2001-இல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வந்த கட்டுரை கண்ணில் பட்டது. பிஎஃப்கே26, பிஎஃப்கே27 என்ற இரண்டு ஜீன்களில் எதை நீக்கினாலும் வளர்ச்சி மாறாது. ஆனால் செல்லுக்குள் இருக்கும் மெட்டபோலைட்களை, அதாவது வளர்சிதை மாற்றத்தில் உருவாகும் சிறு மூலக்கூறுகளை, அளந்தால் மாற்றம் தெரிகிறது. இரண்டுமே ஒரே வினையைச் செய்யும் என்சைமுக்கான ஜீன்கள். வேலை தெரியாத ஜீனை நீக்கும்போது வரும் மாற்றம், வேலை தெரிந்த ஒன்றின் மாற்றத்தோடு ஒத்துப்போனால் ஒரு பிடி கிடைத்துவிடும். அந்த யோசனை என்னை அப்படியே இழுத்துக்கொண்டது.

செய்து பார்த்தபோதுதான் கஷ்டம் புரிந்தது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி போன்ற மூலக்கூறுகளின் அளவெல்லாம் நொடிக்குள் மாறிவிடும். அதனால் கல்ச்சரை (ஈஸ்ட் வளரும் திரவத்தை) மைனஸ் 40 டிகிரி மெத்தனாலில் சட்டென்று கொட்டி, செல்லை அந்த நிலையிலேயே நிறுத்த வேண்டும். ஒருநாள், செல்லைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜின் ரோட்டரை முன்கூட்டியே குளிரவைக்க மறந்துவிட்டேன். அடியில் படிந்த செல்லில் இருக்க வேண்டிய அமினோ அமிலங்கள் கசிந்து, மேலே நின்ற மெத்தனாலில் கிடந்தன. அன்றைய சாம்பிள் அத்தனையும் போச்சு. இப்போதெல்லாம் ரோட்டரைத் தொட்டுப் பார்க்காமல் கல்ச்சரைக் கையில் எடுப்பதில்லை.

———

அக்கா, எனக்கு அடி விழுந்தது ஸ்ட்ரெயின்ல, அதாவது எடுத்துக்கிட்ட ஈஸ்ட் வகையில. லேப்ல வழக்கமா வளர்க்குற பிஒய்4741 ஸ்ட்ரெயின்ல ஹிஸ்3, லியூ2, மெட்17, யூரா3-ன்னு நாலு ஜீனும் ஏற்கெனவே கிடையாது. அதனால அதுவே தயாரிச்சுக்க முடியாத ஹிஸ்டிடின், லியூசின், மெத்தியோனின், யுராசில்னு நாமதான் ஊட்டணும். அப்படி ஊட்டுனா, அமினோ அமில அளவுல எது ஜீன் போனதால வந்தது, எது மீடியத்தால (வளர்க்குற ஊட்டக் கலவையால) வந்ததுன்னு பிரிக்கவே முடியல. ஆறு மாசம் வீண். 2016-ல செல் இதழ்ல வந்த ஆய்வுல ஒவ்வொரு ஜீனா நீக்கின 4,678 டெலிஷன் ஸ்ட்ரெயின்கள்ல அமினோ அமில அளவை அளந்தாங்க. அதுக்கு முன்னாடியே, இல்லாத ஜீன்களைத் திருப்பிக் கொடுத்து, ஊட்டாமலே வளர்ற மாதிரி ஆக்கிட்டாங்க. புதுசா வர்றவங்க தயவுசெஞ்சு அப்படிப்பட்ட ஸ்ட்ரெயின்லயே தொடங்குங்க.

———

நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது, அடினைன் தயாரிக்கும் வழியில் ஒரு படிக்குத் தேவையான ஏடிஇ2 ஜீனை நீக்கிய ஈஸ்டைத்தான். அடினைன் குறைவான தட்டில் இரண்டு மூன்று நாளில் காலனிகள் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். வழி அடைபட்டதால் தேங்கிய இடைப்பொருள் நிறமியாக மாறுவதால்தான் அந்தச் சிவப்பு. அதற்கு முந்தைய ஒரு படியில் வேலை செய்யும் ஏடிஇ8 ஜீனையும் சேர்த்து நீக்கினால் சிவப்பு வராது, காலனி வெள்ளையாகவே இருக்கும். இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்தால், எந்த ஜீன் முன்னே, எது பின்னே என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.