பொறாமையோடு போராடும் ஒரு அக்காவுக்காக உங்கள் உதவி வேண்டும்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பெரம்பூரில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வரும் அக்கா ஒருவர் பல வருஷமாகப் பிள்ளைக்காகக் காத்திருக்கிறார். போன வாரம், புதிதாகக் கல்யாணமான ஒரு தங்கை, தான் உண்டாகியிருப்பதாகச் சாட்சி சொன்னாள். எல்லோரும் அல்லேலூயா சொல்ல, அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "சந்தோஷப்பட முடியலையே, ஜெபமும் வரலை" என்று பிறகு அழுதார்.

மத்தேயு 20-ல் இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில், கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவனுக்கும் முழு நாள் கூலி. ஆனால் அக்காவுக்கு இன்னும் கூலியே வரவில்லையே, அதை எப்படிச் சொல்வேன்? சங்கீதம் 73 பொருந்தும் என்று தோன்றுகிறது. துன்மார்க்கர்மேல் வந்த பொறாமைதான் என்றாலும், அதைப் பாடிய ஆசாப் தன் பொறாமையை மறைக்காமல் தேவனிடமே கொட்டுகிறார். பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகே தெளிகிறார்.

இப்படிக் காத்திருந்தவர்கள் எப்படி ஜெபித்தீர்கள்? யாருடைய எந்த வார்த்தை உங்களைத் தாங்கியது? வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன், அதற்குள் எழுதுங்கள்.