ப்ளூஸில் திரும்பத் திரும்ப வரும் அந்த ஐந்து சுரத் துணுக்கு: முதலில் வாசித்தவர் யார்?

கேள்வி (புதிய வாசிப்பாளர்):
மவுத் ஆர்கன் பழகத் தொடங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன. ச–ம–ச–க–ச என்று ஒலித்துச் சட்டென நின்று, பாடகர் ஒரு வரி பாடி முடித்ததும் மறுபடி வரும் அந்த ரிஃப்பை (சிறு இசைத் துணுக்கை) ஜார்ஜ் தோரோகுட்டின் 'பேட் டு த போன்' (1982) பாட்டில் கிட்டாரிலும், மடி வாட்டர்ஸின் 'மேனிஷ் பாய்' பாட்டில் மவுத் ஆர்கனிலும் கேட்டேன். இது லிட்டில் வால்டர் உருவாக்கியது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரிதானா?

மறுமொழி (பழைய இசைத்தட்டு):
நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1954 ஜனவரியில் சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக மடி வாட்டர்ஸ் 'ஹூச்சி கூச்சி மேன்' பாட்டைப் பதிவு செய்தபோது மவுத் ஆர்கன் வாசித்தவர் லிட்டில் வால்டர்தான். ஆனால் பாட்டை எழுதியவர் வில்லி டிக்சன். அதன் ரிஃப்பையும் வால்டர் தனியாக வாசிக்கவில்லை, குழு முழுவதும் ஒன்றாக வாசித்து ஒன்றாக நிறுத்துகிறது. இப்படி நிறுத்தி இடைவெளி விடும் உத்தி ஜாஸில் அதற்கு முன்பே உண்டு. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1927ஆம் ஆண்டு 'பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்' பதிவைக் கேட்டால் தெரியும்.

மறுமொழி (சிகாகோ ரசிகர்):
ஒரு திருத்தம். நீங்கள் எழுதியிருக்கும் ச–ம–ச–க–ச வடிவம் 1954ஆம் ஆண்டுப் பாட்டினுடையது அன்று, அதன் தம்பியினுடையது. அந்தப் பாட்டைப் பின்பற்றி போ டிட்லி 1955 மார்ச்சில் 'ஐம் எ மேன்' பாடினார். அதில் மவுத் ஆர்கன் வாசித்தவர் பில்லி பாய் ஆர்னல்ட். மூலப் பாட்டு எட்டு தாள அளவுகளுக்குப் (பார்) பின் வேறு கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுக்கு) நகர, போ டிட்லியோ கடைசிவரை ஒரே கார்டில் நின்றுவிட்டார். தம்மைவிட வயதில் இளைய அந்தப் பாடகருக்கு மடி வாட்டர்ஸ் அதே ஆண்டு மே மாதம் கொடுத்த பதிலடிதான் 'மேனிஷ் பாய்'. 'பாய்' (பையன்) என்ற சொல்லில் இருக்கும் குத்தல் எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் ஜூனியர் வெல்ஸ் வாசித்தார். ஜானி வின்டரின் தயாரிப்பில் 1977இல் வெளிவந்த 'ஹார்ட் அகெய்ன்' தொகுப்புக்காக அதையே மீண்டும் பதிவு செய்தபோது வாசித்தவர் ஜேம்ஸ் காட்டன். நீங்கள் கேட்ட பதிவு எது என்பதைப் பொறுத்து வாசித்தவரும் மாறுவார்.

புதிய வாசிப்பாளர்:
நன்றி, நான் கேட்டது 1977இல் வெளிவந்த பதிவுதான். என் சி மவுத் ஆர்கனில் அந்தக் காந்தாரம் அகப்படவே இல்லையே?

மறுமொழி (பழைய இசைத்தட்டு):
சி கருவியில் ஜி சுருதியை ஆதாரமாகக் கொள்ளுங்கள். இரண்டாம் துளையை உறிஞ்சினால் சட்ஜம். நான்காம் துளையில் ஊதினால் மத்திமம். மூன்றாம் துளையை வெறுமனே உறிஞ்சினால் அந்தர காந்தாரமே வரும்; நாக்கைப் பின்னிழுத்து அதை அரைச்சுரம் வளைத்தால்தான் சாதாரண காந்தாரம் கிடைக்கும். பாட்டோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் டி கருவி தேவைப்படும், ஏனெனில் அந்தப் பதிவு ஏ சுருதியில் இருக்கிறது.