கோப்புகளைத் தவறாக அடுக்கியவர் யார் என்று தெரியவில்லை, வழி சொல்லுங்கள்

எங்கள் மருத்துவ ஆவணப் பிரிவில் 6 பேர், 3 ஷிப்ட். எண்ணின் கடைசி இரண்டு இலக்கப்படி அடுக்கும் முறைக்கு மாறி 4 மாதங்களாகின்றன. 76ஆம் அடுக்கில் இருக்க வேண்டிய 45-12-76 கோப்பு 67ஆம் அடுக்கில் கிடக்கிறது. நேற்று ஒவ்வாமைக் குறிப்புள்ள கோப்பு கிடைக்காமல் ஒரு நோயாளி அறுவை அரங்க வாசலில் படுத்தபடி காத்திருந்தார். எனக்கு மனம் ஆறவில்லை.

வண்ணப் பட்டை ஒட்டினோம், தவறு ஓரளவு குறைந்தது. எடுத்த இடத்தில் அட்டை செருகச் சொன்னோம். பெயர் எழுதாமலே செருகுகிறார்கள். கையெழுத்துப் பதிவேடோ ஷிப்ட் முடிவில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் நிரம்புகிறது. அடுக்குகளை ஆளுக்கொன்றாகப் பிரித்தோம். இரவில் ஒருவரே எல்லாவற்றையும் தொடுகிறார். கண்டித்தால் தவறு மறைக்கப்படுகிறது, அது இன்னும் ஆபத்து.

பயத்தில் ஒளிக்கவிடாமல், ஒவ்வொரு கோப்பையும் அடுக்கியவரை அறிய நீங்கள் கடைப்பிடிக்கும் முறை என்ன?