புதுப்பிப்பு: மணிக்கட்டு வீக்கம், ஸ்கேன் எடுத்தாயிற்று

முடக்குவாதத்துக்கு மருந்து எடுத்தும் வலது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் வீக்கம் வடியவில்லை, எக்ஸ்ரேயிலோ ஒன்றும் இல்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். அல்ட்ராசவுண்ட் கேட்டுப் பாருங்கள் என்று சொன்னவர்களுக்கு நன்றி.

எக்ஸ்ரே எலும்பைத்தான் நன்றாகக் காட்டும், தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) அல்ல. அல்ட்ராசவுண்டில் அந்தப் பக்கத் தசைநாணைச் சுற்றிக் கருப்பு வளையம்: உறை தடித்து நீர் கோத்திருக்கிறது. பவர் டாப்ளரை (அதே கருவியில் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் முறை) போட்டதும் உறைக்குள் சிவப்புப் புள்ளிகள் மின்னின. ரத்த ஓட்டம் கூடியிருக்கிறது, அழற்சி அடங்கவில்லை என்று அர்த்தம். 0 (ஒன்றும் இல்லை) முதல் 3 (மிக அதிகம்) வரை தரம் போடுகிறார்கள், எனக்கு 2.

நடுவில் ஒரு கூத்து. நாணே ஓரிடத்தில் கருப்பாகத் தெரிய, கிழிந்துவிட்டதோ என்று பதறிவிட்டேன். மருத்துவர் கருவியைக் கொஞ்சம் சாய்த்தார், பளிச்சென்று வெளுத்துவிட்டது! ஒலி அலை நேர்க்குத்தாக விழாவிட்டால் நல்ல நாணும் கருப்பாகத்தான் தெரியுமாம். ஸ்கேன் எடுப்பவர் கைப்பழக்கம் முக்கியம் என்று சொல்வது இதற்குத்தான் போலிருக்கிறது.

அப்புறம், எம்ஆர்ஐ. எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கும் வீக்கம் அல்ட்ராசவுண்டில் தெரியாது, அதற்கு எம்ஆர்ஐதான் வேண்டும். ஆனால் மருந்தை மாற்ற இந்த ஆதாரமே போதும் என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

புது மருந்து தொடங்கியாயிற்று. மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். அதற்குள் சுண்டுவிரலைத் திடீரென நீட்ட முடியாமல் போனால், நாண் அறுந்திருக்கலாம், உடனே வரச் சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் நீட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.