ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறான்

பல்லடம் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையன் மூன்றாம் வகுப்பு. இந்த ஜூனில்தான் பள்ளி மாற்றினோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன், வீடு வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். வேனில் இருந்து இறக்கிக் கூட்டி வருவது மாமியார்தான். "இன்னைக்கு என்னடா நடந்துச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல". "மிஸ் என்ன சொல்லிக் கொடுத்தாங்க?" என்றால் "மறந்துட்டேன்". கார்ட்டூன் கதை என்றால் அரை மணி நேரம் ஓயாமல் சொல்கிறவன்தான். வீட்டுக்காரர், "பசங்கன்னா அப்படித்தான், விடு" என்கிறார். ஆனால் கொஞ்ச நாளாக வாட்டர் பாட்டில் காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே திரும்பி வருகிறது. கேட்டால் தாகமே இல்லையாம். எப்படிப் பேச வைப்பது?

வத்தலகுண்டு டீச்சர்:
அரசு தொடக்கப் பள்ளியில் ரொம்ப வருஷமாக இருக்கிறேன்மா. பேச்சை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த பாட்டில். தண்ணீர் குடிக்கச் சொல்லி இப்போது பள்ளிகளில் வாட்டர் பெல் அடிக்கிறோம். பெல் அடித்தாலும் மூடியைத் திறக்காத பிள்ளைகள் உண்டு. குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே, அதுதான் காரணம். அங்கே இருட்டாக இருக்கும், நாற்றம் அடிக்கும், இல்லை பெரிய பசங்க யாராவது நிற்பார்கள். வேனை விட்டு இறங்கியதும் பையன் நேராக எங்கே ஓடுகிறான் என்று உங்கள் அத்தையிடம் கேளுங்கள்.

"என்ன நடந்துச்சு" என்று கேட்டால் பெரியவர்களுக்கே பதில் வராது. என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டாலும் நான் "ஒண்ணுமில்ல"தான். சின்னதாகக் கேளுங்கள். இன்னைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்தது, முட்டைப் பொரியலை யார் பிடுங்கித் தின்றது, மிஸ்ஸிடம் யார் மாட்டியது. தன்னைப் பற்றிச் சொல்லாத பிள்ளை அடுத்தவன் கதையைச் சொல்லும், அதற்குள்ளேயே தன் கதையும் வந்துவிடும்.

அதற்கும் முன்னால் உங்கள் கதையைச் சொல்லுங்கள். ஓட்டை பீஸ் ஒன்று கண்ணுக்குத் தப்பிப் போனது, சூப்பர்வைசர் கத்தினார், அழுகை வந்தது என்று. அம்மாவுக்கும் திட்டு விழும் என்பது அவனுக்குத் தெரியட்டும். முகத்துக்கு நேராக உட்கார வைத்து விசாரிக்காதீர்கள். கீரை ஆய்கிறபோது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருகிறபோது தானாக வரும்.

வேன் அண்ணன்:
நான் ஸ்கூல் வேன் ஓட்டுறவன் சகோ. வீட்டில் வாயைத் திறக்காத பிள்ளைகள் எல்லாம் வேனில் கொட்டித் தீர்த்துவிடும். யாருக்கு மார்க் குறைந்தது, யார் பென்சிலை யார் ஒடித்தது, எல்லாம் எனக்குத் தெரியும். உங்கள் வேன் டிரைவரிடமும் ஆயாம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

மதுரை அப்பா:
டீச்சர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. "யார் மாட்டியது" என்று தினமும் கேட்டால் கோள் சொல்லும் பழக்கம் வந்துவிடாதா? அப்புறம், திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், குறிப்பிட்ட ஒருவர் பெயரைச் சொன்னாலே பயம் என்றெல்லாம் இருந்தால் மென்மையாகப் பேசிக்கொண்டே காத்திருக்காதீர்கள். 1098 குழந்தைகளுக்கான இலவச உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

வத்தலகுண்டு டீச்சர்:
கேட்டுவிட்டு "பார், நீயும் அப்படிச் செய்யாதே" என்று ஆரம்பித்தால்தான் சார் அது கோள். சிரித்துக் கேட்டுவிட்டு விட்டால் வெறும் கதை. எண்களைப் போட்டதற்கு நன்றி.

பல்லடம் அம்மா:
டீச்சர், பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்குத்தான் ஓடுகிறானாம். அத்தை இத்தனை நாளும் அதை விளையாட்டு என்று நினைத்திருக்கிறார். நேற்று சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே சூப்பர்வைசர் கதையைச் சொன்னேன். "எல்லார் முன்னாடியுமா திட்டினாரு?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் மாவை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு, பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் விழாது, உள்ளே போனால் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கதவைத் தள்ளித் திறந்து சிரிக்கிறான் என்றான். வீட்டுக்காரர் உடனே போனை எடுத்துவிட்டார், நான்தான் பிடுங்கி வைத்தேன். பெற்றோர் கூட்டம் அடுத்த மாதம்தான். அதுவரை பொறுக்கலாமா?

வத்தலகுண்டு டீச்சர்:
வேண்டாம்மா, நாளைக்கே போங்கள். ஆனால் சாயங்காலம், பிள்ளைகள் கிளம்பிய பிறகு. தாழ்ப்பாளைச் சரி செய்யவும், இடைவேளையில் அங்கே ஒருவர் நிற்கவும் கேளுங்கள். அந்தப் பெரிய பையன் செய்வதையும் சொல்லுங்கள், ஆனால் இதைச் சொன்னது உங்கள் பையன் என்று வகுப்பில் தெரியக்கூடாது என்று மிஸ்ஸிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். போகப்போவதை அவனிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.