போதகரின் மகன் ஞானஸ்நானம் கேட்காதபோது

கேள்வி: அடிவாரத்துப் போதகர், நாமக்கல் மாவட்டம்

அன்பான உடன் ஊழியர்களுக்கும் விசுவாசிகளுக்கும் ஸ்தோத்திரம். கொல்லிமலை அடிவாரத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் 18 ஆண்டுகளாக ஒரு பாப்டிஸ்ட் சபைக்குப் போதகராக இருக்கிறேன். அங்கத்தினர் 64 பேர். பெரும்பாலோர் ஜவ்வரிசி ஆலைகளிலும் கோழிப்பண்ணைகளிலும் வேலை செய்பவர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியோடு வடமாநிலங்களுக்குப் போய் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வீடு திரும்பும் இளைஞர்களும் உண்டு. சபைக் காரியங்களைப் பற்றி இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். இன்று என் வீட்டைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், வயது 16. அவன் இன்னும் ஞானஸ்நானம் கேட்கவில்லை. வேறு சபைகளைச் சேர்ந்தவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் எங்கள் ஒழுங்கைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் குழந்தை ஞானஸ்நானம் இல்லை. ஒருவர் தானாக விசுவாசித்து, அதைத் தன் வாயால் சபைக்கு முன்பாகச் சாட்சியாகச் சொல்லி, அங்கத்தினர் கூட்டம் அந்தச் சாட்சியை ஏற்றுக்கொண்ட பிறகே தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் பெறுகிறார். அப்படிப் பெற்றவர்கள் மட்டுமே எங்கள் சபையில் கர்த்தருடைய பந்தியில் பங்கு பெறுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பத் தட்டு வரிசையாக வரும்போது, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் மகன் அதை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கிறான். மேடையில் நிற்கும் எனக்கு அவன் கை நன்றாகத் தெரிகிறது. மற்றவர்கள் கையில் இருப்பதைவிடத் தட்டு அவன் கையில் சற்று அதிக நேரம் நிற்கிறது. கட்டைவிரல் அதன் விளிம்பை அழுத்திப் பிடித்திருப்பதைக்கூடப் பார்க்கிறேன். ஆசைப்படுகிறானா, வெட்கப்படுகிறானா, என்மேல் கோபமா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேதான் அடுத்த ஜெபத்தைச் சொல்கிறேன்.

அவன் சபையை விட்டு விலகி நிற்பவன் அல்லன். எங்கள் ஞானஸ்நானத் தொட்டி பிரசங்க மேடைக்குக் கீழே இருக்கிறது. பலகைகளைக் கழற்றி, முந்தின இரவே மோட்டார் போட்டு நிரப்ப வேண்டும். பத்து வயதிலிருந்து அந்த வேலை அவனுடையது. கடந்த ஈஸ்டருக்கு அவனோடு ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்த மூன்று பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இரவு பதினொரு மணிவரை குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று அவர்களுக்காகத் தொட்டியை நிரப்பியவனும், மறுநாள் தண்ணீரை இறைத்துவிட்டுப் பலகைகளைத் திரும்பப் பொருத்தியவனும் அவன்தான். அன்று சாயங்காலம் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "எனக்கு இன்னும் நிச்சயம் வரலைப்பா. வந்தா நானே வந்து கேட்கிறேன். அதுவரைக்கும் நீங்க கேட்காதீங்க" என்றான்.

இரண்டு வாரங்களுக்கு முன் நடந்த சபைக் கூட்டத்தில் மூத்த உதவிக்காரர் (டீக்கன்) ஒருவர் எழுந்து தீத்து நிருபம் முதலாம் அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தை வாசித்தார். மூப்பராக இருப்பவனுக்கு விசுவாசமுள்ள பிள்ளைகள் இருக்க வேண்டும் என்று சொல்லும் வசனம் அது. போதகர் வீட்டுப் பிள்ளையே தண்ணீரில் இறங்காதபோது நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டார். அவர் என்னைப் பகைப்பவர் அல்லர். அவருடைய இரண்டு பேரன்மாரும் சபைக்கு வருவதை நிறுத்தி ஒரு வருடமாகிறது, அந்தத் துக்கம் அவர் குரலில் இருந்தது. என் மனைவியோ திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவர். குழந்தையிலேயே ஞானஸ்நானமும், அதை உறுதிசெய்யும் திடப்படுத்தல் ஆராதனையைப் பள்ளி வயதிலும் பெற்று, பின்பு 24 வயதில் தன் சொந்தத் தீர்மானத்தால் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து, அதற்காகத் தன் தகப்பனார் ஏழு மாதம் தன்னோடு பேசாமலிருந்ததைத் தாங்கியவர். "நான் என் அப்பா சொல்லி எடுக்கவில்லை, இவன் மட்டும் ஏன் உங்களுக்காக எடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

நான் போதக ஊழியத்திலிருந்து விலகி நிற்க வேண்டுமா? மகனிடம் மறுபடி பேச வேண்டுமா, பேசாமலிருக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற போதகர், சேலம்

தம்பி, முதலில் அந்த வசனத்தை எடுத்துக்கொள்வோம். நம் வேதாகமத்தில் "விசுவாசமுள்ள" என்று வந்திருக்கும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நம்பிக்கை வைத்தவர் என்றும் பொருள் உண்டு, நம்பத்தக்கவர் என்றும் பொருள் உண்டு. இரண்டாம் தீமோத்தேயு 2:2-இல் அதே சொல்லை "உண்மையுள்ள மனுஷர்" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். தீத்துவில் அந்தச் சொல்லோடு சேர்ந்து வருவதைப் பாருங்கள்; துன்மார்க்கத்தையும் அடங்காமையையும் பற்றித்தான் அது பேசுகிறது. முதலாம் தீமோத்தேயு 3-ஆம் அதிகாரமும் பிள்ளைகளின் கீழ்ப்படிதலைக் கேட்கிறதே தவிர, அவர்கள் விசுவாசத்துக்கு வந்து உள்ளம் புதிதாகும் மறுபிறப்புக்குத் தகப்பனைப் பொறுப்பாளியாக்கவில்லை. மறுபிறப்பு ஆவியானவருடைய கிரியை என்று ஞாயிறுதோறும் பிரசங்கித்துவிட்டு, அதைத் தன் வீட்டில் நடத்திக் காட்டவில்லை என்று ஒரு போதகனைக் கேட்பது நம் உபதேசத்தையே மறுப்பதாகும். இரவு பதினொரு மணிவரை மற்றவர்களுக்காகத் தொட்டி நிரப்பும் பையனை எந்தச் சபை அடங்காதவன் என்று சொல்லும்?

இனி என் காரியத்தைச் சொல்கிறேன். இதை எழுதுவது எனக்கு எளிதல்ல. என் மூத்த மகளுக்கு அவளுடைய 12-ஆம் வயதில் நானே ஞானஸ்நானம் கொடுத்தேன். சபையில் பேச்சு எழுந்திருந்தது. புதுக் கட்டடத்திற்கு அஸ்திவாரம் போட்ட வருடம். பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபையில் அதைவிடச் சிறிய பிள்ளைகள் எல்லாம் எடுத்துவிட்டார்கள் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு தவிப்பு. ஒரு சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். அவள் பிழையில்லாமல் சொன்னாள். சபை முழுவதும் கை உயர்த்தி ஏற்றுக்கொண்டது. நான் அழுதேன், அதை ஆனந்தக் கண்ணீர் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன்.

அவளுக்கு 27 வயதாகி, ஒரு குழந்தைக்குத் தாயான பிறகு, ஒருநாள் தொலைபேசியில் பேசும்போது, "அப்பா, இப்போதுதான் எனக்குப் புரிந்திருக்கிறது. நான் ஞானஸ்நானம் எடுக்கலாமா?" என்று கேட்டாள். விசுவாசமில்லாமல் முழுகியது ஞானஸ்நானமே அல்ல என்பது நம் போதனை. அந்தப் போதனையின்படி, 15 ஆண்டுகளுக்கு முன் நான் செய்தது என் பிள்ளையைத் தண்ணீரில் நனைத்ததுதான் என்று என் சபைக்கு முன்பாகவே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டேன். வேறொரு ஊர்ப் போதகர் வந்து அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், நான் துண்டை வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். அப்போஸ்தலர் நடபடிகள் 8-ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய மந்திரி தண்ணீரைப் பார்த்து, தனக்கு ஞானஸ்நானம் வேண்டுமென்று தானே கேட்கிறான். அவனுக்கு இயேசுவைப் பிரசங்கித்த பிலிப்பு அவனைக் கேட்கச் சொல்லவில்லை. உங்கள் மகனும் தானே வந்து கேட்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். என் மகளுக்கு நான் அந்த இடத்தைக் கொடுக்கவே இல்லை.

மறுமொழி: ஒரு போதகரின் மகள், வேலூர்

போதகர் ஐயாவுக்கு வணக்கம். நான் பிள்ளைகளின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சபைக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் வளர்வது எப்படி என்பது அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் அடுப்படியில் எந்நேரமும் யாராவது ஒருவர் அழுதுகொண்டிருப்பார். அம்மா அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பார். அப்பா சபையார் ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரம் காது கொடுப்பார். நாங்கள் பேசவேண்டுமென்றால் அவர் செருப்பு மாட்டும் நேரத்தில்தான் பேச முடியும். எனக்கு 14 வயதிலிருந்து 19 வயதுவரை அவர் என்னிடம் பேசிய பேச்சு எல்லாமே ஞானஸ்நானத்தில்தான் போய் முடிந்தது. பரீட்சை எப்படி இருந்தது என்று தொடங்கினாலும் அங்கேதான் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் பரீட்சையைப் பற்றியும் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

நீங்கள் கொல்லிமலைப் பக்கம் இருக்கிறீர்கள். அந்த மலையில் ஊழியம் செய்த பாப்டிஸ்ட் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டின் குடும்பத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் செவிலியர் படிப்புக்காக வேலூருக்கு வந்த பிறகுதான் அவருடைய மகன் பால் பிராண்டைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது. 1914-இல் மலையிலேயே பிறந்த அந்தப் பிள்ளையை 1923-இல், ஒன்பது வயதில், தங்கையோடு படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். 1929-இல் ஜெஸ்ஸி மலேரியாவின் கொடிய வடிவமான, சிறுநீரைக் கறுக்கவைக்கும் காய்ச்சலில் இறந்துபோனார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு முன்பு அவர் எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாகப் பின்னால் வந்தன. இறந்துபோன தகப்பனின் கடிதங்களை அந்தப் பிள்ளை வாங்கி வாங்கிப் படித்தான். ஜெஸ்ஸி மகனுக்குக் கறையான் புற்றையும் மரங்களையும் காட்டி வளர்த்தவர். தூரத்தில் இருந்துகொண்டும் மலையில் கண்ட உயிர்களையும் காட்சிகளையும் எழுதி, அவற்றின் வழியாகவே தேவனைப் பற்றிப் பேசியவர். அந்த மகன் பிற்காலத்தில் வேலூருக்கு வந்து, தொழுநோயில் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் விரிய வைத்தார்.

பிள்ளைகளை அப்படிப் பிரிந்திருந்தது சரி என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது இன்றும் மனதை அறுக்கும் செய்திதான். அவ்வளவு தூரத்தில் இருந்த தகப்பனுக்கே மகனோடு பேச மரமும் பூச்சியும் இருந்தன. ஒரே வீட்டில் இருந்த என் அப்பாவுக்கு என்னோடு பேச ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஐயா, கேட்கவேண்டாம் என்று உங்கள் மகன் சொன்ன அந்த ஒன்றை மட்டும் அவனிடம் கேட்காதீர்கள், மற்றதையெல்லாம் கேளுங்கள். நான் 31 வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். அப்பா அப்போது இல்லை.

மறுமொழி: சபை உதவிக்காரர், ஈரோடு

நான் போதகன் அல்லன், உங்களுடைய மூத்த உதவிக்காரர் இருக்கும் இடத்தில் இருப்பவன். எனவே ஒன்றை மட்டும் சொல்கிறேன். இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் மிஷனரி வில்லியம் கேரி 1800 டிசம்பர் 28 அன்று வங்காளத்துச் செராம்பூரில் ஹூக்ளி நதியில் முதல் வங்காள விசுவாசியான தச்சர் கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று எல்லாரும் சொல்வோம். அதே நாளில் அதே நதியில் தன் மூத்த மகன் பெலிக்ஸுக்கும் அவர் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கேரியின் வீடு அப்போது நொறுங்கிய வீடு. 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்ததிலிருந்து மனைவி டாரதியின் மனநிலை மோசமாகிக்கொண்டே வந்தது. ஞானஸ்நானம் நடந்த அன்றும் அவர் அறைக்குள் அடைக்கப்பட்டிருந்தார். மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்த தகப்பனுக்குப் பிள்ளைகளை அடக்கி வளர்க்கவும் முடியவில்லை. பெலிக்ஸை அச்சகத்தில் தன்னோடு வைத்துக்கொண்டு, பேசி, வழிக்குக் கொண்டுவந்தவர் அச்சுத் தொழிலாளியாக வந்த மிஷனரி வில்லியம் வார்டு.

போதகருடைய பிள்ளைக்குப் போதகர் இல்லை என்பதை நாங்கள், சபையார், நினைத்துப் பார்ப்பதே கிடையாது. உங்கள் மகனுக்கும் அந்த வார்டைப் போன்ற ஒருவர் தேவை. அவர் அவனைச் சோதிக்காமல், அவனோடு சும்மா இருக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும். உங்கள் மூத்த உதவிக்காரரிடமே போய்ப் பேசுங்கள். அவருக்கும் இரண்டு பேரன்கள் இருக்கிறார்களே. ஊழியத்தை விட்டு விலகும் பேச்சை எடுக்காதீர்கள். எடுத்தால், தகப்பன் வேலையை இழந்தது தன்னால்தான் என்று அந்தப் பையன் ஆயுள் முழுவதும் சுமப்பான்.

மறுமொழி: அடிவாரத்துப் போதகர்

எல்லாருக்கும் நன்றி. சேலத்து ஐயா எழுதியதை நானும் மனைவியும் இரண்டு முறை வாசித்தோம். மூத்த உதவிக்காரர் வீட்டுக்குப் போய்த் தீத்துவையும் தீமோத்தேயுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தோம். அவர் அதிகம் வாதாடவில்லை. தன் பேரன்மாரைப் பற்றி வெகுநேரம் பேசினார், பிறகு இருவரும் நான்கு பிள்ளைகளுக்காகவும், என் மகளையும் சேர்த்து, பெயர் சொல்லி ஜெபித்தோம். அடுத்த சபைக் கூட்டத்தில் தானே எழுந்து அந்தப் பேச்சை முடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

மகனிடம், இனி நான் கேட்கமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். சரி என்று தலையசைத்தான். போன சனிக்கிழமை அவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பைக்கில் மலைக்குப் போனேன். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். தன் இயற்பியல் ஆசிரியரைப் பற்றியும், ரிக் லாரிக்குப் போக நினைக்கும் நண்பனைப் பற்றியும் இறங்கும்போது அவனாகவே பேசினான். இத்தனை வருடத்தில் அந்த நண்பனின் பெயர்கூட எனக்குத் தெரியாமலிருந்தது.

அன்று இரவு, மேடையிலிருந்து நான் மாதந்தோறும் பார்க்கும் அந்தத் தட்டைப் பற்றி மனைவியிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். மூன்றாவது பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்காருபவர் எங்கள் சபையின் மிக வயதான பாட்டி. கை நடுக்கம் அவருக்கு அதிகம். போன வருடம் ஒருமுறை திராட்சரசக் கிண்ணங்கள் அவர் மடியிலேயே கவிழ்ந்து, அவர் ஆராதனை முடியும்வரை அழுதுகொண்டிருந்திருக்கிறார். அதற்குப் பிறகு, அவர் எடுத்து முடிக்கும்வரை தட்டை அசையாமல் பிடித்துக்கொள்வது என் மகன்தான்.